அப்பாவின் மடியில் கறுப்புக் குட்டி

என் சொல் ஒரு மனிதரின் மூச்சை எதிர்த்து நின்று வென்றது ஒரே ஒரு முறைதான். அந்த மனிதர் என் அப்பா. கேடயம் வாங்கித் தந்த பேச்சுகளைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வேன். இந்த வெற்றியைப் பற்றி மட்டும் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் இரண்டாவது வாக்கியத்திலேயே நா தடுமாறுகிறது. எழுத்தில் அது நடக்காது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

காரைக்குடியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் எங்கள் வீட்டுக்குப் 'பட்டிமன்ற வீடு' என்று பெயர். பாதி கேலி, பாதி மரியாதை. வீட்டார் இரண்டு கருத்தாகப் பிரிந்து நிற்கும் எந்தக் காரியமும் எங்கள் சாப்பாட்டு மேசையில் முறையான விவாதத்துக்கு வரும். அம்மா நடுவர். அஞ்சலகத்தில் வேலை செய்யும் அவர் யாருடைய முகத்துக்காகவும் வரிசையை மாற்றாதவர் என்பதால் அந்த இருக்கை அவருக்குக் கிடைத்தது. அப்பாவும் நானும் எதிரெதிர் அணி. ஆளுக்கு ஐந்து நிமிடம், மறுப்புரைக்கு இரண்டு. தம்பி எவர்சில்வர் தம்ளரைக் கரண்டியால் தட்டி மணியடிப்பான். வாசல் சுவருக்கு என்ன வண்ணம் பூசுவது என்பதிலிருந்து நான் எந்தக் கல்லூரியில் சேர்வது என்பது வரை அப்படித்தான் முடிவானது.

இதில் அப்பா கொண்டுவந்த விதி ஒன்று உண்டு. தீர்ப்பு எதுவானாலும் அதை நிறைவேற்றும் வேலை தோற்றவருடையது. "ஜெயிச்சவன் செஞ்சா அது அதிகாரம்த்தா. தோத்தவன் செஞ்சாத்தான் வீட்டுல சோறு எறங்கும்" என்பார். வேண்டவே வேண்டாம் என்று நான் முழங்கிய வெளிர்பச்சை வண்ணத்தை வாசல் சுவருக்கு நானேதான் பூசினேன். இரண்டு நாள் முனகினேன். மூன்றாம் நாள் அந்தச் சுவர் எனக்குப் பிடித்துப்போயிற்று. விதி நல்ல விதி என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தேன்.

அப்பா இயற்பியல் ஆசிரியர். சிறுவயதிலிருந்தே அவருக்கு வீசிங் உண்டு. மார்கழிப் பனி, சுண்ணாம்புத் தூசி, புது நெல்லின் சுணை, எதுவும் ஆகாது. மாதா கோயிலில் பூசையின்போது சாம்பிராணிப் புகை எழுந்தால் பக்கக் கதவின் ஓரமாகப் போய் நின்றுகொள்வார். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும், இளைப்பு வந்தால் வாயில் வைத்து இழுக்கும் நீலநிற பஃப் ஒன்று இருக்கும். பிள்ளைகள் நாங்கள் இருவரும் அந்த பஃப்பின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள். குலுக்கும் ஓசை, ஒரு சீறல், அதன்பின் பத்து வரை எண்ணும் அளவுக்கு ஒரு மௌனம்.

தம்பிக்கு நாய் வேண்டும். மூன்று ஆண்டுகளாக அவன் கேட்ட ஒரே பொருள் அது. சென்ற ஆண்டு அவனுக்குப் பதின்மூன்று வயது. நான் இளங்கலை முடித்து, முதுகலைக்குச் சென்னை போக ஏற்பாடாகியிருந்தது. அம்மாவும் அப்பாவும் வேலை முடிந்து வரும்வரை அந்த வீட்டில் இனி அவன் ஒருவன்தான். பள்ளி விட்டு வந்து சாவியைத் திருப்பி வெறும் கூடத்தில் நுழையும் பிள்ளையைப் பற்றி நினைத்தபோது எனக்கே பொறுக்கவில்லை. ஆகவே அவன் சார்பில் நான் எழுந்தேன். "இவ்வீட்டுக்கு நாய் வேண்டும்" என்பது என் தலைப்பு.

அப்பாவின் உரை அரை நிமிடம்.

"எனக்கு மூச்சு முட்டும். வேற பாயிண்ட் இல்ல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

ஒற்றை வாதத்தோடு நிற்கும் எதிரணியைப் போல எளிதான இரை வேறில்லை என்பது மேடை ஏறிய எவருக்கும் தெரியும். அந்த ஒரு தூணைச் சாய்த்தால் போதும். நான் சாய்த்தேன். எதிரணித் தலைவர் நாயை எதிர்க்கவில்லை, நாயின் முடியைத்தான் எதிர்க்கிறார் என்றேன். பூடில் என்றொரு இனம் உண்டு, சுருள்முடிக்காரன், அவன் முடி உதிர்வதில்லை என்றேன். அந்தப் பூடிலோடு வேறோர் இனத்தைக் கலந்து பிறக்கும் குட்டிகள் பிள்ளைகளோடு ஒட்டிப் பழகும், மூச்சுக் கோளாறு உள்ளவர்களின் வீடுகளிலும் வளர்கின்றன என்றேன். வாதம் விழுந்தபின் வாதி மட்டும் நிற்பது வீண்பிடிவாதம் என்று முடித்தேன். தம்பி மணியடிக்க மறந்து கைதட்டினான்.

இத்தனையும் முந்தைய நாள் கைப்பேசியில் ஒரு மணி நேரம் படித்துச் சேர்த்தவை. அதே பக்கத்தின் அடியில் இன்னொரு செய்தியும் இருந்தது. முழுக்கப் பாதுகாப்பான நாய் என்று எதுவும் இல்லை. தொந்தரவு முடியில் மட்டுமன்று, தோலிலிருந்து உதிரும் துகளிலும் எச்சிலிலும் இருக்கிறது. அதை நான் படித்தேன். புரிந்துகொண்டேன். சொல்லவில்லை. எனக்கு எதிரான சான்றைத் தேடி எடுப்பது எதிரணியின் வேலை என்பதுதான் நான் பழகிய நெறி. எதிரணி என்பது என் அப்பாவின் நுரையீரல் என்று அந்தப் பொழுதில் எனக்கு உறைக்கவில்லை.

அம்மா தீர்ப்பு வழங்கினார். நாய் வரலாம், ஆனால் டாக்டரைக் கேட்காமல் வரக்கூடாது.

நெஞ்சு டாக்டர் நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இனத்தப் பாத்து ஒன்னும் சொல்ல முடியாது சார். நாய்க்கு நாய் மாறும். வாங்கப்போற குட்டி எதுவோ அதையே மடியில வச்சு, கதவச் சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காருங்க. ஒரு தடவ பத்தாது, மூணு தடவயாச்சும் பாருங்க. இளைப்பு வரலேன்னா பெறகு யோசிப்போம்" என்றார்.

அப்பா தலையாட்டினார். தோற்றவர் அவர் என்பதால் குட்டியைத் தேடும் பொறுப்பும் அவருடையதாயிற்று. பள்ளியில் ஆய்வக உதவியாளரைக் கேட்டார், மருந்துக்கடையில் கேட்டார், கால்நடை மருத்துவமனையில் விசாரித்தார். செய்தி தெருவுக்கும் எட்டியது. எதிர்வீட்டு மாமா ஒருநாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டார்.

"வாத்தியாரே, இங்குட்டுக் கோம்பையும் சிப்பிப்பாறையும் கெடந்து வாலாட்டுது. நீங்க என்னமோ சலூன்ல போய் முடி சுருட்டுன நாயத் தேடிக்கிட்டு இருக்கீகளாமே."

"எம்மக பேசி ஜெயிச்ச நாயிண்ணே. அது எங்க இருக்குன்னு அவளுக்கே தெரியல. நாந்தான் தேடணும்" என்றார் அப்பா.

மானகிரியில் கண்டுபிடித்தார். தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவின் வீடு. கோயம்புத்தூரிலிருந்த உறவினர் வெளிநாடு போகும்போது விட்டுச்சென்ற வெள்ளைப் பூடில் ஒன்று அவரிடம் இருந்தது. தொங்குகாது காக்கர் ஸ்பானியல் ஒன்றோடு சேர்ந்து அது ஐந்து குட்டிகள் போட்டிருந்தது. பால்குடி மறக்கவில்லை, தர இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று போனில் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்ன மூன்று தடவைக்கு அது பொருத்தமாக அமைந்தது.

முதல் ஞாயிறு, பூசை முடிந்த கையோடு போனோம். அந்த வீட்டுக்கு முன்னால் வண்டி நின்றதும், "நீங்க எறங்கிப் போங்க. நான் வண்டிய நெழல்ல போட்டுட்டு வாரேன்" என்றார் அப்பா. நாங்கள் உள்ளே போனோம். சில நிமிடம் கழித்து அவரும் வந்தார்.

தையல் எந்திரம் இருந்த அறையில் கோணிச்சாக்கின்மேல் ஐந்து குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. சாக்லேட் நிறத்தில் இரண்டு, பாலாடை நிறத்தில் ஒன்று, வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று. நான் என் குறிப்பேட்டைத் திறந்தேன். குட்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பதினொரு சோதனைகள் எழுதிவைத்திருந்தேன். மல்லாக்கப் படுக்கவைத்தால் திமிறுகிறதா, சாவிக்கொத்தைப் போட்டால் பதறுகிறதா, நாம் விலகி நடந்தால் பின்தொடர்கிறதா. மற்ற நான்கும் ஒவ்வொரு சோதனைக்கும் ஏதாவது ஒரு விடை சொல்லின. கறுப்பு மட்டும் எந்தக் கேள்விக்கும் எழுந்து நிற்காத கடைசி வரிசை மாணவனைப் போலத் தூங்கிக்கொண்டே இருந்தது.

"முடி உதிராதுதானே அக்கா?" என்று கேட்டேன். விடையை அறிந்தே கேட்ட கேள்வி.

அவர் இரண்டு குட்டிகளைக் கையில் தூக்கினார். "இந்தா பாரு. இது சுருட்ட, அம்மா மாதிரி. இது கோர முடி, அப்பன் மாதிரி. ஒரே வயித்துல ரெண்டுந்தான் பெறக்கும். சுருட்ட அவ்வளவா கொட்டாது. கோர கொட்டும், சீலையெல்லாம் முடியாயிரும். நான் மறைச்சு விக்க மாட்டேன்த்தா. கொட்டாதுன்னு வேணா சொல்வேன், ஒங்கப்பாவுக்கு இளைக்காதுன்னு எப்பிடிச் சொல்லுவேன்?"

ஒரு தையல்காரர் வீட்டுக் கோணிச்சாக்கின் முன்னால் என் ஐந்து நிமிட உரையின் நடுப்பகுதி சரிந்துவிட்டது. கலப்பினம் என்ற ஒற்றைச் சொல்லை நான் மேசையில் முத்திரை குத்திய பொருளாக நீட்டியிருந்தேன். அந்தச் சொல்லுக்குள் ஐந்து வேறு வேறு குட்டிகள் இருந்தன.

சுருள்முடி உள்ளவை மூன்று. சாக்லேட் ஒன்றை முதலில் அப்பாவின் மடியில் வைத்தோம். அது துள்ளி இறங்கி ஓடியது. பாலாடை நிறத்துக்குட்டி அவருடைய கைக்கடிகாரத்தைக் கடித்துவிட்டு இறங்கியது. தூங்கிக்கொண்டிருந்த கறுப்பைத் தூக்கி வைத்தோம். அது ஒரு முறை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. வேட்டி மடிப்புக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு மறுபடி தூங்கிப்போனது. கதவைச் சாத்தினோம். தம்பி கைப்பேசியில் நேரம் பார்க்கத் தொடங்கினான்.

அப்பா முதுகை நேராக வைத்து, இரண்டு கைகளையும் குட்டிக்கு இரண்டு பக்கமும் அணைகட்டி, அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்த அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்ன சார், காது குத்தையில தாய்மாமன் உக்கார்ற மாதிரியில்ல உக்காந்திருக்கீக. கொஞ்சம் சாஞ்சுக்கிறுங்க. அதுக்குக் காதெல்லாம் ஏற்கெனவே இருக்கு."

நாங்கள் மூவரும் அவருடைய மார்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் ஒருவர் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் அறிந்தேன். பார்க்கப் பார்க்க நம் மூச்சும் தாளம் தப்பிவிடுகிறது. அம்மாவின் கை கைப்பைக்குள் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தது வெளியே தெரிந்தது.

"எப்படிப்பா இருக்கு?" என்றான் தம்பி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம்.

"நீ இப்பிடிக் கேட்டுக்கிட்டே இருந்தா அதுக்கே இளைக்கும்டா."

இளைக்கவில்லை. வீட்டுக்கு வரும்வரையிலும் இளைக்கவில்லை. என் வாதம் மெய்யாகிவிட்டது என்று நினைத்தேன். மறைத்த வரியைக்கூட மன்னித்துவிட்டேன். உண்மை நம் பக்கம் இருக்கும்போது ஒரு வரி குறைந்தால் என்ன என்று.

இரண்டாவது ஞாயிறும் அதே வீடு, அதே நாற்காலி, அதே குட்டி. வண்டியை நிழலில் போட்டுவிட்டு அப்பா வந்து உட்கார்ந்தார். இந்த முறை கறுப்பு, தூக்கிவைக்கும்வரை காத்திருக்கவில்லை. அவர் காலடிக்கு வந்து செருப்பின் வாரைக் கவ்விக்கொண்டு நின்றது. தம்பிக்கு அதில் சிறு வருத்தம். அவன் பாலாடை நிறத்தின்மேல் மனம் வைத்திருந்தான். ஆனால் சோதிக்கப்பட்ட குட்டியைத்தானே கொண்டுபோக முடியும்.

"நீங்க எங்க குட்டிய எடுக்குறது? அதுதான் சார எடுத்துக்கிருச்சு" என்றார் அந்த அக்கா.

அப்பா குட்டியின் காதுக்குப் பின்னால் சிக்கியிருந்த முடியை ஒவ்வோர் இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வகத்தில் மெல்லிய செப்புக் கம்பிகளைப் பிரிக்கும்போது அப்படிச் செய்வார். ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது என்று தம்பி சொன்னபிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருவதாக இருந்தோம். தம்பி சிவப்புக் கழுத்துப்பட்டை ஒன்று வாங்கியிருந்தான். உள்ளே போய் உட்கார்ந்தபிறகுதான் அதை வண்டியிலேயே விட்டுவந்தது அவனுக்கு நினைவுக்கு வந்தது. நான் எடுத்துவரப் போனேன்.

வண்டி வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. அப்பா அதன் அந்தப் பக்கம், வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். குலுக்கும் ஓசை கேட்டது. மூச்சை முழுதாக வெளியே விட்டார். சீறல். அப்புறம் மௌனம். நான் என்னை அறியாமல் பத்து வரை எண்ணினேன். பத்தில் அவர் மூச்சை விட்டார். மறுபடி குலுக்கினார். இரண்டாவது சீறல். இரண்டாவது பத்து. திரும்பும்போது என்னைப் பார்த்தார்.

"எத்தன வாரமாப்பா?"

"மொத வாரத்துல இருந்து."

"அப்போ அந்தச் சோதனையெல்லாம்?"

"பரீட்ச ஒழுங்காத்தான் நடந்துச்சு. நான் கொஞ்சம் பிட் அடிச்சேன்" என்றார். முப்பது ஆண்டுகள் பிட் அடித்தவர்களைப் பிடித்தவர், பிடிபட்ட மாணவனைப் போலவே சிரித்தார்.

நான் அந்த வரியைப் பற்றிச் சொன்னேன். படித்ததையும் மறைத்ததையும் ஒரே மூச்சில் சொன்னேன். மேடையில் ஒருபோதும் அப்படிச் சொற்களைக் கொட்டியதில்லை.

"தெரியும்த்தா. மறுநாளே ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து அந்தப் பக்கத்த நானும் படிச்சேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா."

"தீர்ப்புக்குப் பெறகு கெடைச்ச சான்று செல்லாதுன்னு எட்டாப்பு படிக்கையில ஒத்தக்கால்ல நின்னது யாரு? ஒங்கம்மா அத விதியாவே ஆக்கிட்டா. எனக்குன்னு வரையில அத மாத்திக்கச் சொல்றியா?"

அது ஒரு சைக்கிளைப் பற்றிய பழைய வழக்கு. அன்று நான் வென்றிருந்தேன்.

"இது சைக்கிள் இல்லப்பா. ஒங்க மூச்சு."

அவர் பஃப்பைப் பைக்குள் வைத்துப் பேனாவைச் சரிசெய்தார். "பய மொகத்தப் பாத்தியா? மூணு வருசமாக் கேக்குறான். நீயும் போயிருவ. உள்ள போய் ஒன்னும் சொல்லிறாத."

உள்ளே போய்க் கழுத்துப்பட்டையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். குட்டியை மடியில் வைத்து அப்பா மூன்றாவது மணி நேரத்தையும் இளைப்பில்லாமல் முடித்தார். அதன்பின் நடந்ததை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. நான் எழுந்து நின்றேன். இந்தக் குட்டி வேண்டாம் என்று பேசத் தொடங்கினேன். வளர வளரச் சுருள் கலைந்து கோரையாகலாம் என்றேன். ஆறு வாரத்துக்கொரு முறை முடிவெட்ட வேண்டும், காரைக்குடியில் அதற்கு ஆள் ஏது என்றேன். சிக்கு விழும், வெயில் தாங்காது, செவியில் சீழ் பிடிக்கும் என்றேன். ஒவ்வொன்றும் ஓரளவு உண்மை. எதுவும் என் காரணம் அன்று. என் காரணம் ஒரே வாக்கியம். அதைச் சொன்னால் அயலாள் ஒருவரின் முன்னால் அப்பாவை ஏமாற்றுக்காரர் ஆக்க வேண்டும். தம்பியின் கையிலிருக்கும் கழுத்துப்பட்டையைப் பிடுங்க வேண்டும். 

"என்னக்கா, அணி மாறிட்டியா?" என்றான் தம்பி.

"தாலி கட்டுற நேரத்துல மாப்பிள்ள வேணாங்கிற மாதிரியில்ல இருக்கு" என்றார் அந்த அக்கா.

எனக்கு மறுப்புரை சொன்னவர் அப்பா. முடிவெட்டக் கற்றுக்கொண்டால் வீட்டிலேயே வெட்டலாம் என்றார். வெயிலுக்கு மின்விசிறி உண்டு என்றார். காதை வாரம் ஒருமுறை துடைத்தால் சீழ் வராது என்றார். மூன்று ஞாயிறும் மடியில் வைத்துப் பார்த்தாயிற்று, இளைக்கவில்லை, கண்ணெதிரே நடந்த சோதனைக்கு மேல் வேறென்ன சான்று வேண்டும் என்று கேட்டார். நாய் வேண்டாம் என்ற தன் கட்சிக்கு அரை நிமிடம் பேசியவர், நாய் வேண்டும் என்ற என் கட்சிக்கு நான்கு நிமிடம் பேசினார். நான் பேசியதைவிட நன்றாகப் பேசினார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "அவருக்கே சம்மதம்னா ஒனக்கு என்னத்தா?" என்று கேட்டார்.

பதில் இருந்தது. கல்லூரியில் என்னைச் 'சொல்மாரி' என்று அழைப்பார்கள். அந்த அறையில் நான் ஒரு சொல் இல்லாமல் நின்றேன்.

குட்டி வீட்டுக்கு வந்தது. மூன்றே நாள்தான் என்னால் தாக்குப்பிடிக்க முடிந்தது. நான்காம் நாள் மாலை அம்மா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். அம்மா துருவுவதை நிறுத்தவில்லை. அந்த மூடி முடிந்து ஓடு தெரியும்வரை துருவினார். பிறகு, "ஒங்க ரெண்டு பேரு நாக்கையும் அந்த மாதாதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். மறுநாள் விடுப்பெடுத்து அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டர் கோபப்பட்டார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துப் பார்த்தார், குழாயில் ஊதச் சொன்னார். இப்போதைக்குப் பெரிய குறைவில்லை என்றார், ஆனால் காலையும் மாலையும் தவறாமல் இழுக்க வேறொரு பஃப் எழுதித் தந்தார். படுக்கையறைக்குள் நாய் வரக்கூடாது. வாரம் ஒருமுறை குளிப்பாட்ட வேண்டும். கொஞ்சம் கூடினாலும் உடனே வந்து சொல்ல வேண்டும். சொல்லும் நாளில் நாய் வேறிடம் போயாக வேண்டும்.

அன்று மாலை அம்மா எங்கள் மூவரையும் உட்காரவைத்தார். "இதுல அணியும் கெடையாது, மணியும் கெடையாது" என்றார். விஷயத்தைத் தம்பி அப்போதுதான் அறிந்தான். அப்புறம் கொல்லைப்பக்கம் போய்க் குட்டியைத் தூக்கி வந்தான். கழுத்துப்பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"திருப்பிக் குடுத்துருவோம்ப்பா. எனக்கு வேணாம்" என்றான். அழவில்லை.

"எனக்கு வேணும்டா" என்றார் அப்பா.

அவ்வளவுதான். பட்டையை எடுத்து அவரே திரும்ப மாட்டினார். "மருந்துல நிக்குது. நிக்காட்டி நானே சொல்றேன். சொல்ல மாட்டேனா?" என்று அம்மாவைக் கேட்டார். அப்பாவின் மூச்சுக்கு அப்பா ஒருவரே சாட்சி. அந்தச் சாட்சி எங்கள் மூவரின் கண்முன்னால் மூன்று ஞாயிறு பொய் சொன்னவர். அவரைக் குறுக்கு விசாரணை செய்ய எங்களிடம் எந்தக் கருவியும் இல்லை.

தம்பி பள்ளி விட்டு வந்ததும் முதல் வேலையாகக் கூடத்தை ஈரத்துணியால் துடைக்கிறான். குட்டியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அப்பாவின் பக்கத்தில் போவதில்லை. ஞாயிறுதோறும் குளிப்பாட்டுகிறான். இவ்வளவும் செய்து அவன் வளர்க்கும் நாய், அப்பாவின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அவனை விட்டு வாசலுக்கு ஓடுகிறது. படுக்கையறை நிலைப்படிக்கு வெளியே, விதியை மீறாத ஓர் அங்குல இடைவெளியில், தலையை உள்ளே பார்க்க வைத்துப் படுக்கிறது. யாரும் அதற்கு அதைக் கற்றுத்தரவில்லை. யாராலும் மாற்றவும் முடியவில்லை.

நான் சென்னைக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. இங்கும் போட்டிகள், இங்கும் கேடயங்கள். பேச்சுப் பயிற்சியில் முதலில் கற்பது மூச்சு. வாக்கியத்தின் எந்த இடத்தில் மூச்சு வாங்கலாம், எந்த இடத்தில் வாங்கினால் பொருள் உடையும் என்பது ஒரு பேச்சாளருக்குக் காதிலேயே இருக்கும். பிறர் பேசும்போதும் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. நேற்று அப்பாவோடு போனில் பேசினேன்.

"குட்டிக்கு இன்னிக்கு முடி வெட்டினேன்த்தா" என்றார். "காதுக்குப் பின்னாடி" என்று சொல்லி நிறுத்தினார். "மட்டும் கொஞ்சம்" என்றார். மறுபடி நிறுத்தினார். "சிக்கு."

எந்தப் பேச்சாளரும் அந்த இடங்களில் நிறுத்தமாட்டார்.

"இளைக்குதாப்பா?"

"மாடிப்படி ஏறி வந்தேன். அதான்."

தம்பியிடம் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தார்.

"அப்பா மாடிக்கா ஏறுனாரு?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. மாடிக்குத்தான்" என்றான் தம்பி. அவன் என்னிடம் பொய் சொன்னதில்லை. ஆனால் அப்பா அவன் பக்கத்திலேயே நின்றிருந்தார். தம்பி சொல்லி முடித்த பிறகும் அந்த மூச்சு எனக்குக் கேட்டது. மாடி ஏறியவரின் மூச்சா, மற்றதா என்று பிரித்தறியப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். சென்னையிலிருந்து அதைக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.